இடது பக்கத்துப் பிரேக்

வேகத்தடை வருவதற்குச் சற்று முன்னால் ஜெயக்கொடி வலது காலால் பேருந்தின் தரைத்தகட்டை அழுத்துகிறார். பேருந்து வேகம் குறைகிறது. தான்தான் குறைத்ததாக ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இராஜபாளையத்தில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கும்வரை இது நடக்கிறது. ஆடு குறுக்கே வந்தால் ஓர் அழுத்து. பள்ளிக்கூட வாசலில் ஓர் அழுத்து. எதிரே ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தத் தொடங்கினால் காலோடு சேர்ந்து இடது கையும் முன்கம்பியைப் பிடிக்கிறது. பக்கத்தில் உட்காருகிறவர்கள் முதலில் செருப்பை நகர்த்திக்கொள்கிறார்கள். பிறகு இடத்தை மாற்றிக்கொள்கிறார்கள். கண்டக்டருக்கு மட்டும் பழகிவிட்டது. "இன்னைக்கு வண்டி லேட்டுக்கா. பிரேக்கக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஜெயக்கொடி இருபது வருடத்துக்குக் கிட்ட ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கார்களில் இடது பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் தான் ஓட்டுவதாக நம்பலாம். நிறுத்துகிறவர் பக்கத்தில் இருப்பவர். இராஜபாளையத்தில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் சஞ்சீவி மலையடிவாரத்து மைதானத்தில் அவரிடம் ஏச்சு வாங்கியவர்கள். முதல் நாள், சாவியைத் திருப்பும் முன், எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார். "பயப்படாதீங்க. பிரேக் எங்கிட்ட இருக்கு." இரண்டாம் நாளிலிருந்து வேறு வாக்கியங்கள் வரும்.

இப்போது அவருடைய தொழில் மேனுவல் ஆஸ்டியோபதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. உயரமான, குறுகலான ஒரு கட்டில். குப்புறப் படுத்தால் முகம் வைக்கத் தலைமாட்டில் ஓட்டை. ஒரு ஸ்டூல். சுவரில் முதலில் எலும்புக்கூட்டுப் படம் இருந்தது. வந்தவர்கள் அதையே வெறித்துக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டு அருவிப் படம் மாட்டினார். அருவியைப் பார்த்தவர்கள் பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். இப்போது சுவரில் ஒன்றுமில்லை. கீழே நாள் முழுக்கப் பால் சுண்டிக்கொண்டிருக்கிறது. மதியத்துக்கு மேல் வருகிறவர்கள் கட்டிலில் படுத்ததும் வலியை மறந்துவிட்டுப் பசியைச் சொல்கிறார்கள்.

மருந்து கிடையாது, எண்ணெய் கிடையாது, கட்டு கிடையாது. கையை வைக்கிறார். எலும்பும் தசையும் மூச்சும் ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன, இழுக்கிற இடம் ஒன்று, வலிக்கிற இடம் வேறொன்று என்பது அந்த வைத்தியத்தின் எண்ணம். இழுக்கிற இடத்தைக் கையால் தேடி, அங்கேயே வைத்திருந்து, தளரும்வரை காத்திருப்பது அவர் வேலை. அவர் இதை விளக்குவது வேறு மாதிரி.

"சில பேரு கிளட்ச்சுல கால வச்சுக்கிட்டே ஓட்டுவாக. வண்டி இழுக்கலன்னு மெக்கானிக்கப் போய்ப் பாப்பாக. கால எடுத்தாப் போதும். அத எடுத்து விடுறதுதான் நம்ம சோலி."

சொந்த ஊரான இராஜபாளையத்திலேயே அறை பிடித்திருக்கலாம். பிடிக்காததற்குக் காரணம் உண்டு. "அங்க எல்லாருக்கும் என் சத்தம் ஞாபகம் இருக்கு. மூச்ச விடுங்கன்னு நான் சொன்னா மூச்சப் புடிச்சுக்கிருவாக." பழைய மாணவி ஒருவரை வைத்துச் சோதித்தும் பார்த்தார். தெலுங்கு பேசும் ராஜுக்கள் வீட்டு அம்மா. ஒரு காலத்தில் அவரிடம் மல்லுக்கட்டித்தான் ஜெயக்கொடி 'மெல்லகா, மெல்லகா' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். அந்த அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, தோளில் கை வைத்து, இடது பக்கம் திரும்பச் சொன்னார். அந்த அம்மா கண்ணை மூடியபடியே வலது கையை நீட்டி, இல்லாத இண்டிகேட்டரைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

நோயாளி மாடி ஏறும் முன்பே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஜெயக்கொடி பால்கனிக் கம்பியில் சாய்ந்து நின்று தெருவைப் பார்க்கிறார். வண்டியில் வந்து இறங்குகிறவர் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார், சென்டர் ஸ்டாண்டு போடும்போது இடுப்பால் இழுக்கிறாரா கையால் இழுக்கிறாரா, ஹெல்மெட்டைக் கழற்ற எந்தத் தோள் உயர்கிறது. அவர்கள் மேலே வந்து வலது முழங்கால் என்று தொடங்கும்போது, "இடது இடுப்பப் பாப்போம்" என்கிறார். சிலர் இதை அருள்வாக்கு என்று எடுத்துக்கொண்டு மகளின் கல்யாணம் எப்போது கூடும் என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அவரைத் தொழில் மாற்றியது அந்த வலது கால். பெடலுக்கு மேலே ஓர் அங்குலம் தூக்கியபடி, எந்த நொடியும் அழுத்தத் தயாராக, வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்த கால். இடுப்பு பிடித்துக்கொண்டது. படி இறங்க முடியவில்லை. ஊசி, பெல்ட், பற்று எல்லாம் போட்டாயிற்று. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை ஓர் ஆஸ்டியோபதி வைத்தியரிடம் அழைத்துப்போனார். அவர் இடுப்பைத் தொடவே இல்லை. விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்து நின்றார்.

"எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்னு. சரி, போயிட்டு வாங்கன்னுட்டாரு மனுசன்."

மதுரைக்கு வந்து செங்கோட்டை ரயிலில் ஏறினார். சன்னலோரம் இடம் கிடைத்தது. கண் விழித்தபோது பெட்டி காலியாக இருந்தது. துடைப்பத்தோடு நின்ற அம்மா, "எந்திரிங்க, செங்கோட்டை வந்தாச்சு" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி எல்லாம் அவர் இல்லாமலேயே கடந்து போயிருந்தன.

"அடுத்தவுக ஓட்டுற வண்டியில நான் அதுக்கு முன்னாடி கண்ண மூடுனதே கெடையாது. கல்யாணத்தன்னைக்குக் கோயில்லருந்து வரும்போதே டிரைவருக்குக் கியர் சொல்லிக்கிட்டுத்தான் வந்தேன்."

இதற்குச் சாட்சி கணவர் ஆல்வின். மில்லில் ஷிப்டில் இருந்தவருக்குச் செங்கோட்டை பிளாட்பாரத்திலிருந்து போன் போயிற்று. தூங்கிவிட்டதாக ஜெயக்கொடி சொன்னார். ஆல்வின் நம்பவில்லை. "உண்மையச் சொல்லு. எவன் வண்டியில போய் மோதுன?" என்றார்.

பிடித்திருந்த இடுப்பும் விட்டது. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்தார். ஐந்து வருடப் படிப்பு. கூடப் படித்தவர்கள் பிசியோதெரபி முடித்த பிள்ளைகள். எலும்புகளின் பெயர் சொல்வதில் அவர்தான் கடைசி. கை வைப்பதிலும் அவர்தான் கடைசி. கை கனமாக இருக்கிறது என்றார் ஆசிரியர். அலறுகிறவர்களிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிப் பழகிய கை. வீட்டில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, உள்ளங்கையை மேலே வைத்து, வளையம் எழாமல் எடுக்கப் பழகினார். குளிக்கப் போகும் ஆல்வின் வாளிக்காகத் துண்டோடு வாசலில் நிற்பார். வாளி ஒழியாத நாட்களில் ஆல்வினையே படுக்கவைத்துப் பழகினார். "எங்க மில்லுலயே தளந்து போன ஆளு நாந்தான்" என்று ஆல்வின் சொல்லிக்கொள்கிறார்.

அறையைத் திறந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு வைத்தியம் என்றால் வலிக்க வேண்டும். வலிக்காவிட்டால் சத்தமாவது வர வேண்டும். சுந்தரபாண்டியத்திலிருந்து முதுகுப் பிடிப்போடு வந்த சமுத்திரம் என்ற விவசாயி படுத்து எழுந்து, குனிந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, குறை தீராத முகத்தோடு நின்றார்.

"வலி இருக்காண்ணே?"

"வலி இல்ல."

"பொறவு?"

"சொடக்கு ஒண்ணும் கேக்கலையே."

"வண்டி நல்லா இருந்தாச் சத்தம் வராது."

"அது சரித்தான். எங்க ஊர்ல ஒரு ஆளு கழுத்தத் திருப்புனாருன்னா நாலு வீட்டுக்குக் கேக்கும். கேட்டாத்தான போன காரியம் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

சமுத்திரம் போகும்போது வாசலில் நின்று தன் விரல்களைத் தானே நெட்டி முறித்துக்கொண்டு படி இறங்கினார்.

இன்னொரு தொல்லை இரட்டைப் பிள்ளை. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய் தடவினால் சுளுக்கு போய்விடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்தது. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் ஜெயசித்ரா பிடரி வலியோடு வந்து, குணமாகி, ஊருக்குப் போய்த் தன் கணக்கில் காரணத்தைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். அங்கிருந்து வருகிறவர்கள் படுக்கும் முன் கேட்கிறார்கள்.

"உங்களுக்கு ரெட்டப் பிள்ளையாமே?"

"ஒண்ணே ஒண்ணுதான். வின்சின்னு பேரு. நாகர்கோவில்ல படிக்கா. ரெண்டு ஆளு பேச்சுப் பேசுவா."

அதுவும் கணக்கில் சேரும் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தான் டாக்டர் இல்லை என்பதையும் ஜெயக்கொடி முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஸ்கேன், ஊசி, முறிவு எதுவும் தன் வேலை இல்லை என்கிறார். "சரி, டாக்டரம்மா" என்கிறார்கள்.

ஆனால் இப்படி வந்தவர்கள் குறைவு. சில நாள் ஒருவர், சில நாள் ஒருவரும் இல்லை. ஜெயக்கொடி பால்கனியில் நின்று, பால்கோவா வாங்க வருகிறவர்கள் ஸ்டாண்டு போடுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார். அந்தச் சமயத்தில் அவருடைய பழைய இருக்கை காலியாகவே இருந்தது. அதைக் காலியாக வைத்திருந்தவர் ஞானதுரை அண்ணாச்சி.

டிரைவிங் ஸ்கூல் அண்ணாச்சியுடையது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எப்போதும் வெள்ளைச் சட்டை, பையில் கூலிங்கிளாஸ். ஜெயக்கொடிக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அந்தப் பிரேக் வாக்கியமும் முதலில் அவருடையதுதான். வேலையை விடுகிறேன் என்று ஜெயக்கொடி சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"ஏட்டி, நீ காலால பொழைக்கிறவ. கைய வச்சு என்ன பண்ணப் போற?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் தேவாலய வாசலில் கேட்டார். "எம்புட்டுப் பேரு வந்தாக இந்த வாரம்?" ஜெயக்கொடி செருப்பைத் தேடுவார். கடைசியில் அண்ணாச்சி ஒரு தவணை வைத்தார். "கிறிஸ்மஸ் வரைக்கும் உன் சீட்டுல என்னயத் தவிர யாரையும் உக்கார விடமாட்டேன். அதுக்குள்ள உன் கைவைத்தியம் நெலச்சு நிக்கணும். நிக்கலன்னா புது வருசத்துல வண்டிக்கு வந்துரு." ஜெயக்கொடி சரி என்று சொல்லிவிட்டார். ஐந்து வருடம் படித்தது அந்தச் 'சரி'யில் தொங்கிக்கொண்டு நின்றது.

டிசம்பர் தொடக்கத்தில் அண்ணாச்சியே வந்தார். கழுத்து திரும்பவில்லை, ரிவர்ஸ் எடுக்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். "செஞ்சு காட்டு. சரியாப் போச்சுன்னா ஞாயித்துக்கிழம கோயில்ல எந்திரிச்சு நின்னு நானே சாட்சி சொல்லுதேன்." சபை நடுவே எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்லும் வழக்கம் அவர்கள் சபையில் உண்டு. அண்ணாச்சி சாட்சி சொன்னால் இராஜபாளையம் முழுக்கக் கேட்கும். ஜெயக்கொடி கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டார். பால்கனிக்கு வந்தார்.

பயிற்சிக் கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் சத்யப்பிரியா, கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தவர். இடது பக்கக் கதவு திறக்க நேரமாயிற்று. அண்ணாச்சியின் விரல்கள் கைப்பிடியில் வழுக்கிவிட்டுத் திரும்ப வந்து பிடித்தன. கூலிங்கிளாஸ் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார், நழுவியது, மறுபடியும் எடுத்தார். தெருவைக் கடக்கும்போது கால்களை அகட்டி வைத்து நடந்தார், ஓடும் பேருந்துக்குள் நடப்பவர் மாதிரி.

மேலே வந்ததும் ஜெயக்கொடி அவரைப் படுக்கச் சொல்லவில்லை. சட்டையின் மேல் பட்டனைக் கழற்றச் சொன்னார். அது லேசில் கழறவில்லை. துண்டின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லி மெதுவாக இழுத்தார். வந்துவிட்டது.

"எம்புட்டு நாளா இப்படி, அண்ணாச்சி?"

"எது?"

"விரலு."

"வயசாகுதுல்ல. நான் விரலுக்கா வந்தேன்? கழுத்தப் பாரு."

ஜெயக்கொடி தேய்த்துச் சூடாக்கி வைத்திருந்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். வலது கால் தரையை அழுத்தியது.

"நான் தொடமாட்டேன்."

"என்ன?"

"கழுத்துல தண்டுவடத்த எதுவோ அமுக்குதுன்னு தோணுது. எனக்கு அம்புட்டுத்தான் தெரியும். இதுல யாரும் கைய வைக்கக் கூடாது. மதுரைக்குப் போயி நரம்பு டாக்டரப் பாருங்க, ஸ்கேன் எடுக்கச் சொல்லுவாக. இன்னைக்கே போங்க."

அண்ணாச்சி பட்டனைப் போட முயன்றுவிட்டு, போடாமல் விட்டார். "தொடாம அனுப்புறதுக்கா மாடியில கட்டிலப் போட்டு வச்சிருக்க?"

"ஆமா, அண்ணாச்சி."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். மதுரைக்குப் போகவில்லை. அந்த ஞாயிறு சாட்சி சொல்லவில்லை. வாசலில் நின்று வேறொன்றைச் சொன்னார். "அவளுக்குக் கை வரல. பிரேக் போட மட்டுந்தான் தெரியும்." சொன்ன விதத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆல்வினே ஒரு நொடி சிரித்துவிட்டு, பிறகு பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ஜெயக்கொடி அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனார். அண்ணாச்சி இல்லை என்று அண்ணாச்சியே உள்ளேயிருந்து சொன்னார். தளவாய்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்தவர்களும் நின்றார்கள். கிறிஸ்மஸ் வந்தது, போனது.

புது வருடத்தின் முதல் வேலை நாளில் ஜெயக்கொடி ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் ஏறவில்லை. மைதானத்துக்குப் போனார். சொன்ன சொல் சொன்னதுதான். சத்யப்பிரியா ஓட்டிக்கொண்டிருந்தார், இடது பக்கம் அண்ணாச்சி. ஜெயக்கொடி ஒரு வேப்பமரத்தடியில் நின்று காத்திருந்தார். கார் மைதானத்தின் கோடியை நோக்கிப் போனது. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. மரத்தடியில் நின்ற ஜெயக்கொடி வலது காலால் மண்ணை அழுத்தினார்.

கார் நிற்கவில்லை. கருவேல முள்ளுக்குள் முகத்தைச் செருகிக்கொண்டு, இருமி, அணைந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்யப்பிரியா ஸ்டியரிங்கை விடாமல், "பிரேக் அவியகிட்ட இருக்குன்னு சொன்னாகக்கா" என்று அழுதார். அண்ணாச்சி தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல.

"அமுக்குனேன்" என்றார். "கால் போகல."

ஜெயக்கொடி அவரைத் தூக்கவோ இழுக்கவோ இல்லை. "கழுத்த அசைக்காம அப்படியே இருங்க" என்றார். சத்யப்பிரியாவைப் பின்னால் உட்காரவைத்தார். தான் ஸ்டியரிங்கைப் பிடித்து முள்ளுக்குள்ளிருந்து வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பேனட்டில் செருகிய முள்ளோடு நேரே மதுரை.

"வழி நெடுக அவிய ஒரு வார்த்தை பேசல" என்கிறார் ஜெயக்கொடி. "நான் வேணும்னே ரெண்டு தடவ கியர் தப்பாப் போட்டுப் பாத்தேன். அதுக்கும் ஏசல. அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு."

அந்த வாரமே கழுத்தில் ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் அண்ணாச்சி ஒரே கதையைச் சொன்னார். யாராவது கழுத்தைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியிருந்தால் தான் எழுந்தே இருக்க முடியாது என்று டாக்டர் சொன்ன கதை. வந்தவர்கள் பழத்தைக் கொடுத்துவிட்டுக் கதையை வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுத்துப் பட்டையோடு சபையில் எழுந்து நின்றார். திரும்ப முடியாததால் நேர் எதிரே இருந்த குருவானவருக்கு மட்டும் சொல்வது போல் இருந்தது.

"கர்த்தர் என்னய ஒரு ஆளுகிட்ட அனுப்பி வச்சாரு. அவ என்னயத் தொடல. ஸ்தோத்திரம்."

சபை ஸ்தோத்திரம் என்றது. தொடாததற்காக ஒரு சாட்சி அங்கே எழுந்தது அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

அதன் பிறகு படியில் கூட்டம். ஆனால் வருகிறவர்களின் நோக்கம் மாறிவிட்டது. வலியைப் போக்க வருவதில்லை. தொடுகிறாரா இல்லையா என்று பார்க்க வருகிறார்கள். தொட்டுவிட்டால் பெரிதாக ஒன்றுமில்லை என்று அர்த்தம். கட்டிலில் படுத்து, கண்ணை இறுக்கி மூடி, கைக்காகக் காத்திருக்கிறார்கள். கை பட்டதும் பெருமூச்சு விட்டு எழுந்துவிடப் பார்க்கிறார்கள்.

"இருங்க, இனிமேத்தான் வைத்தியமே இருக்கு."

"அது கெடக்கட்டும் டாக்டரம்மா. தொட்டுட்டீங்கள்ல."

படியில் காத்திருப்பவர்கள் இறங்குகிறவரிடம் கேட்கிறார்கள். "தொட்டாகளா?" "தொட்டுட்டாக." "அப்ப ஒண்ணுமில்ல. போயிச் சாப்பிடு." சமுத்திரம் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை சம்சாரத்தோடு. ஜெயக்கொடி அந்த அம்மாவின் தோளில் கை வைத்ததும், கீழே போய் கால் கிலோ பால்கோவா வாங்கி வந்து படியில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சொடக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. பால்கோவாக் கடைக்காரர் தன் செலவில் படிக்கு விளக்கு போட்டுக்கொடுத்திருக்கிறார்.

இதில் மனம் ஒப்பாதவர் ஜெயக்கொடி ஒருவர்தான்.

"அஞ்சு வருசம் தொடுறதுக்குப் படிச்சேன். வாளித் தண்ணி, ஆல்வின், எம்புட்டுப் பாடு. பேரு வந்தது தொடாததுக்கு. இதுக்கு நான் சீட்டுலயே இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு எழுந்து பால்கனிக்குப் போகிறார். யாரோ ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டிருக்கிறது.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் பயிற்சிக் கார் மறுபடியும் கீழே வந்து நின்றது. அண்ணாச்சி இடது கதவை ஒரே முறையில் திறந்தார். கூலிங்கிளாஸ் விழவில்லை. கழுத்துப் பட்டை இல்லை. ஒவ்வொரு படியிலும் காலை வைத்து, நிதானித்து, ஏறி வந்தார்.

"ஆபரேஷன் பண்ண டாக்டரு சொல்லிட்டாரு. கழுத்து மட்டும் ஆகாது. தோளு, விலா, முதுகெல்லாம் பாக்கலாமாம்."

"அவரு வாயால நான் கேக்கணும்."

ஜெயக்கொடி மதுரைக்குப் போன் போட்டார். டாக்டர் லைனில் வரும்வரை அண்ணாச்சியை நிற்கவைத்தார். கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு பட்டனைக் கழற்றச் சொன்னார். கழற்றினார். துண்டின் நுனியைப் பிடிக்கச் சொன்னார். இந்தத் தடவை துண்டு வரவில்லை.

"படுங்க."

அண்ணாச்சி மல்லாந்து படுத்தார். கூரையைப் பார்த்தபடி சொன்னார். "உன் சீட்டுக்கு ஆளப் போட்டுட்டேன்."

"யாரு?"

"லிங்கேஸ்வரன்னு ஒருத்தன். எந்நேரமும் போனத் தடவிக்கிட்டே இருக்கான். ஆனாப் போட்டாச்சு. இனி நீ வந்தாலும் எடமில்ல."

"சரி, அண்ணாச்சி."

"கேட்டுக்கிட்டியா?"

"கேட்டேன். செத்த நேரம் பேசாம இருங்க."

ஜெயக்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தார். கைகளைத் தேய்த்தார். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் இன்னொன்றை விலாவின் மேலும், வாளித் தண்ணீரில் வைப்பது போல் வைத்தார்.

அங்கிருந்து பார்த்தால் கட்டிலின் மறுகோடியில் அண்ணாச்சியின் பாதங்கள் தெரியும். இடது கால் சும்மா இருந்தது. வலது கால் காற்றில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. நுனிப்பாதம் முன்னால் போய், கெண்டை இறுகி, நன்றாக, முழுதாக அழுத்தியது. ஜெயக்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். "கால எடுங்க, அண்ணாச்சி. பிரேக் எங்கிட்ட இருக்கு."

கீழே பால் கிண்டும் கரண்டி சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. சற்று நேரத்தில் குறட்டை வந்தது. அசைந்தால் கலைந்துவிடும் என்பது போல ஜெயக்கொடி கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஸ்டூலுக்குக் கீழே அவருடைய வலது கால் தரையை அழுத்தியபடி இருந்தது.